நேர்ந்துவிட்ட சேவல்

கோழிப்பண்ணைக்கு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது. மல்லசமுத்திரம் பக்கத்தில் வேலைக்குச் சேரும் அன்றே இதைச் சொல்லிவிடுவார்கள். ஊர்க்கோழியின் நோய் சேலையிலும் செருப்பிலும் ஒட்டி வந்தால் ஒரு ஷெட் முழுக்கச் செத்துவிழும். சின்னாயிக்கு இது தெரியும். தெரிந்துதான் வளர்த்தாள்.

சேவல் அவளுடையது அல்ல, ராமாயியினுடையது. இருவரும் ஒரே ஷெட்டில் எதிரெதிர் வரிசையில் பல வருடங்களாக முட்டை எடுத்தவர்கள். ராமாயியின் புருஷன் தீர்த்தகிரி லாரி கவிழ்ந்து இடுப்பு முறிந்து கிடந்தபோது, அவன் எழுந்து நடந்தால் ஆடியில் சேவல் அறுப்பதாக அவள் முனியப்பனுக்கு வேண்டிக்கொண்டாள். சந்தையில் வாங்கிய சேவல் ஆகாது. நேர்ந்துவிட்டுக் குஞ்சிலிருந்து வளர்க்க வேண்டும். ராமாயி குடியிருந்ததோ பண்ணைக்குள்ளேயே, பண்ணைக்காரர் கொடுத்த வீட்டில். அதனால் ஒரு கறுப்புக் குஞ்சை முந்தானைக்குள் வைத்து சின்னாயி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். உன்னை விட்டால் எனக்கு யார் என்று கேட்டாள்.

குஞ்சு சேவலானது. தீர்த்தகிரி கம்பை ஊன்றி நடக்க ஆரம்பித்தான்.

அந்த வருடம் பண்ணை, பண்ணைக்காரரின் மகன் தமிழரசுவின் கைக்கு வந்தது. அவன் புதிய ஷெட் போட்டான். தீவனம் தானாகக் கொட்டியது. முட்டைகள் பெல்ட்டில் உருண்டு வந்தன. கோழி எரு அள்ள பீகாரிலிருந்து ஒரு ஜோடி வந்தது. அவர்கள் உள்ளேயே தங்கினார்கள், ஆடிக்கும் கார்த்திகைக்கும் லீவு கேட்கவில்லை. உள்ளூர்ப் பெண்களில் இனி ஒருத்தி போதும் என்று தமிழரசு இருவரையும் நிற்க வைத்தே சொன்னான். யார் என்பதைப் பிறகு சொல்வதாகச் சொன்னான்.

வெளியே வந்ததும் ராமாயி சின்னாயியின் கையைப் பிடித்தாள்.

"போனா ரெண்டு பேரும் போயிருவம் புள்ள."

"போலாம். ஜேடர்பாளையத்துல மீன் வறுத்துப் பொழச்சுக்கலாம். நீ வறு, நான் தின்னுக்கறேன்."

ராமாயி சிரித்தாள். கையை விடவில்லை.

அடுத்த வாரம் தமிழரசு சின்னாயியை மட்டும் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டான்.

"அக்கா, ஊட்ல சேவ வளக்கறீங்களாமா?"

தெருவில் யாரோ சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தாள். யாருடையது என்று சொன்னால் ராமாயிக்கும் வேலை போகும்.

"ஆமாங்க தம்பி. எனக்கு ஒரு வேண்டுதலுங்க."

"தெரியுங்கக்கா. முனியப்பனுக்காமா."

தெருவில் இருப்பவர்களுக்குச் சேவல் இருப்பது தெரிந்திருக்கலாம். எந்தச் சாமிக்கு என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

தமிழரசு கோபப்படவில்லை. பாரம் இறங்கியவன் போல இருந்தான். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான், தன்னால் எதுவும் செய்ய முடியாது என்றான். ஜன்னல் வழியாகப் புதிய ஷெட் தெரிந்தது. ராமாயி பெல்ட்டின் முனையில் நின்று முட்டைகளை அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சின்னாயி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரக்கப்பட்டு அல்ல. அவனுக்கு ஒருத்தியை அனுப்பக் காரணம் வேண்டியிருந்தது. அது கிடைத்துவிட்டது. இனி எதைச் சொன்னாலும் அவன் காதில் ஏறாது.

மறுநாள் சாயங்காலம் ராமாயி வந்தாள். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. குனிந்துகொண்டே பேசினாள். வேலை போனால் வீட்டையும் விட வேண்டும், சரியாக நடக்க முடியாத மனுஷனைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்றாள். சின்னாயிக்காவது சொந்த வீடு இருக்கிறது என்றாள். தமிழரசு தானாகத்தான் கேட்டான், தான் தலையை மட்டும்தான் ஆட்டியதாகச் சொன்னாள்.

சின்னாயி எல்லாவற்றையும் கேட்டாள்.

"வெள்ளிக்கெழம பூசை," என்றாள் ராமாயி. "அதுவரைக்கும் சேவ இங்கயே இருக்கட்டும். அவரு நல்லா நடக்கோணும் சின்னாயி."

சின்னாயி கொல்லைப்புறம் போனாள். கூடையைத் தூக்கி, சேவலின் கால்களைக் கட்டி எடுத்து வந்தாள். ராமாயியின் கைகளில் வைத்தாள்.

"எனக்கு இப்பப் பண்ணை இல்ல. எத்தன கோழி வேணும்னாலும் வளப்பேன். இது உன்ற கோழி. கொண்டு போ."

"பண்ணைக்குள்ள எப்படிப் புள்ள கொண்டு போறது?"

சின்னாயி கதவைச் சாத்தினாள்.

ராமாயி சேவலை இடுக்கிக்கொண்டு தெருவில் நின்றாள். நேர்ந்துவிட்டதை விற்க முடியாது, வழியில் விட்டுவிட்டும் போக முடியாது. பக்கத்து வீட்டைப் பார்த்தாள். எதிர்வீட்டைப் பார்த்தாள். எல்லா வீட்டிலிருந்தும் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு பண்ணைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தத் தெருவில் பண்ணைக்குப் போகாத வீடு, நேற்றிலிருந்து, ஒன்றே ஒன்றுதான்.