செவ்வாய்க்கிழமைச் சர்க்கரை

சுதாராணியின் முதல் பிள்ளை நாலரைக் கிலோ இருந்தான். உயிர் மட்டும் இல்லை. ஒன்பதாம் மாதத்தில் ஒருநாள் சாயங்காலத்தோடு வயிற்றுக்குள் அசைவு நின்றது. பிள்ளை தூங்குகிறான் என்று நினைத்து அவளும் தூங்கிவிட்டாள். விடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அங்கிருந்த டாக்டர் குழாயை வயிற்றின் மேல் இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டே இருந்தார். பிள்ளையைத் துணியில் சுற்றி வாங்கிய உறவுக்காரர்கள் எல்லாரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். "எப்படிக் கொழுகொழுன்னு இருக்கான். கண்ணு பட்டுட்டு."

வயிற்றுக்குள்ளேயே இருந்தவன் மேல் யார் கண் பட்டது என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

இரண்டு வருஷம் கழித்து, 2003இல், மறுபடியும் உண்டானாள். கயத்தாறில் மெயின்ரோட்டை ஒட்டி அவள் புருஷன் சௌந்தரபாண்டியனுக்கு மிளகாய் வத்தலும் உளுந்தும் கொள்முதல் செய்கிற கடை. கடைக்குப் பின்னால் மூட்டைகளை அடுக்கும் கிட்டங்கி, அதற்கு மேல் வீடு. புதியம்புத்தூரிலிருந்து அவளுடைய அம்மா பேபி வந்து கூடவே தங்கிவிட்டாள். இந்தப் பிள்ளையை உயிரோடு கையில் வாங்கவேண்டும். அந்த வீட்டில் எல்லாருக்கும் அந்த ஒரு நினைப்புதான்.

பிரேமா டாக்டர் திருநெல்வேலியிலிருந்து செவ்வாய்க்கிழமை மட்டும் கோவில்பட்டிக்கு வந்து பார்ப்பவர். முதல்நாளே சுதாராணியை எடை மெஷினில் ஏற்றினார். முள் தொண்ணூற்றாறில் போய் நின்றது.

"போன பிள்ளைக்குச் சர்க்கரை டெஸ்ட் எடுத்தாங்களா?"

"இல்ல மேடம். எனக்குத்தான் சீக்கே கிடையாதே."

டாக்டர் நிதானமாகச் சொன்னார். உடம்பில் எடை கூடக்கூட, ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை கரையாமல் தேங்கும். அது தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். பிள்ளை அதைத் தின்று தின்று ஊதும். பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கும். உள்ளே மூச்சுக்குத் திணறும். சில பிள்ளைகள் கடைசி மாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

"அப்போ கண்ணு படலையா?" என்று கேட்டுவிட்டாள் சுதாராணி.

"கண்ணும் படலை, நீ ஒண்ணும் செய்யவும் இல்லை. யாரும் பார்த்துச் சொல்லலை, அவ்வளவுதான். இப்போ எடையைக் குறைக்கவும் வேண்டாம். பட்டினியும் கிடக்கக்கூடாது. இனிமே கண்டமானைக்கு ஏறாமப் பார்த்துக்கணும். நட. அளவாச் சாப்பிடு. வாரம் வாரம் ரத்தம் கொடு. சர்க்கரை ஏறுச்சுன்னா இன்சுலின் ஊசி போட்டுக்கலாம்."

ரோட்டில் நடக்க வெட்கமாக இருந்தது. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். அதனால் கிட்டங்கிக்குள் மூட்டைகளைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். வத்தல் நெடியில் தும்மித் தும்மி நடந்தாள். தும்மும்போதெல்லாம் வயிற்றைக் கையால் தாங்கிக்கொள்வாள், உள்ளே இருப்பது அதிர்ந்துவிடுமோ என்று.

சோறுதான் பெரும்பாடு. போன தடவை வளைகாப்பு வைத்ததால்தான் கண் பட்டது என்று புருஷனின் அத்தை கோமதியம்மாள் இந்தத் தடவை அதை வேண்டாம் என்று தடுத்துவிட்டாள். பதிலுக்குச் சொந்தக்கார வீடுகள் முறைவைத்துத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவரட்டும் என்றாள். ஒரு வீட்டிலிருந்து தேங்காய்ச்சோறு, மறுநாள் நெய் மிதக்கிற பருப்புச்சோறு. கோமதியம்மாள் தன் பங்குக்கு உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெயைக் குழியில் ஊற்றிக் கொண்டுவந்தாள்.

"அத்தை, இனிப்பு ஆகாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காவ."

"ஏட்டி, அவிய சீனியத்தான் சொல்லியிருப்பாவ. இது கருப்பட்டி. பனையில இருந்து வந்தது, மருந்துல்லா. உன்ன எலும்புந் தோலுமா ஆக்கிட்டு அவிய திருநெல்வேலிக்குப் பஸ் ஏறிருவாவ. பிள்ளைய யாரு பாக்க?"

"அத்தை, நான் எலும்புந் தோலுமா ஆகணும்னா இன்னும் ஏழு ஜென்மம் வேணும்."

கோமதியம்மாள் சிரித்தாள். ஆனால் சட்டி காலியாகும்வரை எழுந்திருக்கவில்லை. கொண்டுவந்ததைத் தின்னாவிட்டால் அந்த வீட்டையே வேண்டாம் என்றது போலாகும். சுதாராணி தின்றாள். ஒவ்வொரு கவளத்துக்கும் உள்ளே பிள்ளை வீங்குவதுபோல இருந்தது.

ஆனால் செவ்வாய்க்கிழமை ரத்தம் எடுத்தால் எல்லாம் நன்றாகவே இருந்தது. ஆறாம் மாதமும் ஏழாம் மாதமும் டாக்டர் சீட்டைப் பார்த்துத் தலையசைத்தார். "ஊசி தேவையில்லை. இப்படியே போ."

வெளியே வந்ததும் பேபி கழுகுமலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடுவாள். முதல் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்கே அம்மாவும் மகளும் முருகனுக்கு நேர்ந்துகொண்டார்கள்: அடுத்த பிள்ளை உயிரோடு கைக்கு வருகிறவரை சுதாராணி செவ்வாய்தோறும் விரதம் இருப்பாள் என்று. திங்கள் ராத்திரியும் சாப்பாடு கிடையாது. செவ்வாய் பொழுது சாயும்வரை ஒரு தம்ளர் பால். அதுவும் சீனி போடாமல்.

ஆஸ்பத்திரியில் வெறும் வயிற்றில் ஒரு தடவையும் சாப்பிட்ட பிறகு ஒரு தடவையும் ரத்தம் எடுப்பார்கள். இரண்டாவது தடவை நர்ஸ் கேட்பாள், "சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் ஆச்சா?" சுதாராணி பாலை நினைத்துக்கொண்டு "ஆச்சு" என்பாள். விரதத்தைச் சொன்னால் டாக்டர் நிறுத்தச் சொல்லிவிடுவார். நிறுத்தினால் முருகன் கைவிட்டுவிடுவான். அந்தப் பயத்தில் அவள் வாய் திறக்கவில்லை. பேபியோ சர்க்கரை இறங்கியதே விரதத்தால்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வகையில் அது உண்மைதான்.

எட்டாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் மறியல். டாக்டர் மறுநாள், புதன்கிழமை வந்தார். விரதம் முடித்த மறுநாள் என்பதால் சுதாராணி காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தாள். சீட்டைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். இருநூற்று நாற்பது.

"இது உன் ரத்தந்தானா?"

"மெஷின் கோளாறா இருக்கும் மேடம்," என்றாள் பேபி.

டாக்டர் அப்போதே ஸ்கேனுக்கு அனுப்பினார். எட்டு மாதத்துப் பிள்ளை ஒன்பது மாதத்து அளவில் இருந்தது. சுற்றிலும் தண்ணீர் அதிகம். டாக்டர் பழைய ரத்தச் சீட்டுகளையும் இன்றைய சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கியோ இடிக்குது. ஒரு வாரம் கழிச்சு மறுபடியும் எடுத்துப் பார்ப்போம்," என்றார் கடைசியில்.

பஸ் ஸ்டாண்டில் கயத்தாறு பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் சுதாராணிக்குத் தோன்றியது, காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை. வயிற்றின் ஒரு பக்கத்தை அமுக்கினாள். மறுபக்கத்தை அமுக்கினாள். பேபி வாங்கி வைத்திருந்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் காத்திருந்தாள். கண்டக்டர் விசில் ஊதினார். அப்போது உள்ளே ஒரு கால் மெதுவாக, தூக்கக் கலக்கத்தில் உதைப்பதுபோல, ஒரே ஒரு தடவை உதைத்தது.

"அம்மா, எறங்கு."

"எதுக்குட்டி?"

"எறங்குன்னா எறங்கு. இன்னும் ஒரு வாரம் என்னால பொறுக்க முடியாது."

டாக்டர் அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுதாராணி மூச்சு வாங்க உள்ளே போய் நின்றாள். "மேடம், நான் செவ்வாய்க்கிழமை சாப்பிடுறதே இல்ல. நேர்ச்சை. நீங்க ரத்தம் எடுத்த அன்னைக்கெல்லாம் நான் வெறும் வயிறு."

பேபி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். டாக்டர் கத்தவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு நிமிஷம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இத்தனை நாளா உன் விரதத்துக்குல்ல வைத்தியம் பார்த்திருக்கேன்," என்றார். "மத்த ஆறு நாளும் உன் பிள்ளை யாரும் பார்க்காம இருந்திருக்கு."

அன்றைக்கே ஊசி ஆரம்பமானது. வயிற்றுத் தோலைப் பிடித்துத் தானே போட்டுக்கொள்ள நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளையைக் குத்திவிடாதா என்று சௌந்தரபாண்டியன் பத்துத் தடவை கேட்டான். ஊசி போட்டால் பட்டினி கிடக்கவே கூடாது என்பதை டாக்டர் பேபியைப் பார்த்துத்தான் சொன்னார். சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரும். தாய் மயங்கினால் பிள்ளைக்கும் ஆபத்து.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை. ஊசி போட்டாயிற்று. தட்டில் இரண்டு இட்லி. எதிரே முருகன் படம். சுதாராணி கையை நனைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். கை போகவில்லை. நேர்ச்சையை மீறினால் பிள்ளை போய்விடும். சாப்பிடாவிட்டாலும் போய்விடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தத் துணிச் சுருள்தான் கண்ணுக்குத் தெரிந்தது. உடம்பு லேசாக நடுங்கி வியர்த்தது.

சௌந்தரபாண்டியன் வாசலில் நின்றான். "ஏ சுதா, தின்னு. பாவம் வந்தா என் மேல வரட்டும்."

"உங்க மேல வந்தா மட்டும் எனக்கு நல்லதாக்கும்?"

பேபி சமையல்கட்டிலிருந்து வந்தாள். மகளின் நெற்றி வியர்வையைக் கையால் தொட்டுப் பார்த்தாள். சட்டென்று படத்துக்கு முன்னால் நின்று, பக்கத்து வீட்டு ஆளிடம் பேசுவதுபோலப் பேசினாள்.

"இந்தா பாருப்பா. இனிமே இவளுக்குப் பதிலா நான் இருக்கேன். உனக்கு விரதந்தான வேணும்? அது எந்த வயிறா இருந்தா என்ன?"

பிறகு அவளே இட்லியைப் பிட்டு மகள் வாயில் வைத்தாள். விழுங்கும்வரை வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோமதியம்மாளின் தூக்குச்சட்டியைச் சௌந்தரபாண்டியன் கடை வாசலிலேயே வாங்கி, கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டான். விஷயம் தெரிந்து அவள் ஒரு வாரம் அந்தப் பக்கம் வரவில்லை. பேசாமல் இருந்தால் இருக்கட்டும் என்று சுதாராணி முதல்முறையாக நினைத்தாள்.

மாதம் நிறைய இரண்டு வாரம் இருக்கும்போதே ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். மூன்றே முக்கால் கிலோ. பெண். பிறந்ததும் அழுதாள், ஆனால் சீக்கிரமே துவண்டு, உதடு நடுங்க ஆரம்பித்தது. குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்த குழந்தை டாக்டர் சர்க்கரை ரொம்பக் கம்மி என்றார். தாயிடமிருந்து அதிகமாக வந்து பழகிய உடம்பு. கொடியை அறுத்ததும் திகைத்துப் போகிறதாம். கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கையில் குளுகோஸ் ஏற்றினார்கள்.

சுதாராணிக்குத் தையல் இழுத்தது. சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டுபோய்ப் பிள்ளையை மார்பில் வைத்தார்கள். பால் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. பிள்ளை இரண்டு தடவை சப்பிவிட்டுக் கண்ணை மூடியது. பாதத்தைச் சுண்டிச் சுண்டி எழுப்பினாள். தூங்கவிடப் பயமாக இருந்தது. ஒரு தடவை தூங்குகிறது என்று நம்பி ஏமாந்தவள் அவள். மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். கொஞ்சம் ஏறியிருந்தது. மறுநாள் காலையில் இன்னும் ஏறி, குளுகோஸைக் குறைத்தார்கள்.

பிரேமா டாக்டர் வந்து பிள்ளையைத் தொட்டுப் பார்த்தார். "ஆபத்து தாண்டிட்டு. ஆனா ஒண்ணு. இது வயித்துலயே நிறையத் தின்னு பழகின பிள்ளை. வளர வளர எடை ஏறாமப் பார்த்துக்கணும். கொழுகொழுன்னு இருக்கணும்னு யாரும் ஊட்டி ஊட்டி வளர்க்காதீங்க. நீயும் உன் சர்க்கரையைப் பார்த்துக்கிட்டே இருக்கணும்."

கோபத்தை மறந்து கோமதியம்மாளும் வந்திருந்தாள். எட்டிப் பார்த்துவிட்டு, "முதல் பிள்ளை கணக்கா இல்லையே. கொஞ்சம் வத்தலாத்தான் இருக்கா," என்றாள்.

"இருக்கட்டும் அத்தை," என்றாள் சுதாராணி.

மத்தியானம் கடைசித் தடவையாகக் குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்க நர்ஸ் ஊசியோடு வந்தாள். பிள்ளை காலை உதறிக்கொண்டு, முகம் சிவக்க, வார்டே திரும்பிப் பார்க்கும்படி வீரிட்டது. பேபி பதறிப்போய் ஓடிவந்து கையை நீட்டினாள்.

"எம்மா, இப்படி அழுறாளே. தூக்குட்டி."

"கொஞ்சம் பொறும்மா," என்றாள் சுதாராணி. "இன்னும் கொஞ்ச நேரம் அழட்டும்."