சிரிக்கும் முகத்தில் மாட்டிய கிளிப்

1

இந்தக் கதை எனக்கு ஒரு தூணுக்குப் பின்னால் கிடைத்தது.

பள்ளியில் பருவ இறுதிப் பாராட்டு விழா. அக்கா அங்கே டீச்சர். அவள் மகளும் அங்கேயே படிக்கிறாள். மாமாவுக்கு வேலை இருந்ததால் நான் போனேன். தாமதமாகப் போனவனுக்கு என்ன இடம் கிடைக்குமோ அதுதான் கிடைத்தது: கடைசி வரிசை, எதிரே கட்டிப்பிடிக்கவும் முடியாத தடிமனில் ஒரு தூண். கழுத்தை எப்படி வளைத்தாலும் மேடையில் பாதிதான் தெரிந்தது. அந்தப் பாதியில் அக்கா இல்லை, வேறொரு டீச்சர் கையில் மைக்கோடு நின்றிருந்தார். ஒரு பெயரைக் கூப்பிட்டார்.* யாரும் வரவில்லை. அல்லது வந்தவர் தூண் மறைத்த பாதியில் நின்றார். மண்டபம் அமைதியானது. அமைதி நீண்டுகொண்டே போனது. இருமல்கூட இல்லை. பிள்ளைகள் நிறைந்த ஓரிடத்தில் அப்படி ஓர் அமைதியை நான் அனுபவித்ததில்லை. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தே ஆகவேண்டும் போலிருந்தது.

முன்கதையை வீட்டுக்கு நடக்கும்போது அக்கா சொன்னாள். அவள் சொன்னதை வைத்துக்கொண்டு, சொல்லாததை இட்டு நிரப்பியிருக்கிறேன். எது எது என்று கேட்காதீர்கள். இப்போது எனக்கே பிரித்துச் சொல்ல வராது.

* அந்தப் பெயரை எழுதப்போவதில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பிடிக்காத ஒருத்தியைப் பற்றிய கதை இது.

2

அடித்துப்போட்ட தொடக்கங்கள் சில.

பருவத்தின் கடைசி வாரத்தில் வகுப்பறைகளுக்கு ஒரு களைப்பு வந்துவிடுகிறது. சுவரில் ஒட்டிய படங்கள் ஓரம் சுருண்டு…

(வேண்டாம். வகுப்பறைக்குக் களைப்பு வராது. டீச்சருக்கு வரும்.)

ஓர் ஊரில் பேசாத சிறுமி ஒருத்தி…

(இதுவும் வேண்டாம். அவள் பேசாதவள் இல்லை. சிக்கலே அதுதான்.)

அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் என்ன எழுதுவதென்று டீச்சருக்குத் தெரியவில்லை.

இது பரவாயில்லை. இதிலிருந்து போகிறேன்.

அந்தப் பள்ளியில் மதிப்பெண்ணுக்குப் பரிசு கிடையாது. பருவம் முடியும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரியில் பாராட்டு எழுதி அட்டை கொடுப்பார்கள். 'நன்றாகப் படிக்கிறான்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் ஹெச்.எம். திருப்பி அனுப்பிவிடுவார். 'தன் கணக்கு தப்பென்று தானே முதலில் சொல்பவள்', 'கீழே விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்காமல் கை கொடுப்பவன்' என்கிற மாதிரி, அந்தப் பிள்ளைக்கே உரியதாக இருக்கவேண்டும். விழாவில் டீச்சர் அந்த வரியை வாசிப்பார். பிள்ளை மேடையேறி அட்டையை வாங்கிக்கொண்டு, மைக்கில் ஒரு முழு வாக்கியம் பேசிவிட்டுத்தான் இறங்கவேண்டும். வெறும் நன்றி செல்லாது. தன்னம்பிக்கை வளர வேண்டுமாம்.

மற்றவர்களுக்கெல்லாம் டீச்சர் மளமளவென்று எழுதிவிட்டார். ஜன்னலோரத்துப் பெண்ணிடம் வந்து பேனா நின்றது. பருவம் தொடங்கியபோது வேறொரு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தவள் அவள். கேள்வி கேட்டால் எழுதிக் காட்டுவாள், தலையாட்டுவாள். குரலை யாரும் கேட்டதில்லை. பிள்ளைகள் அவளுக்கு 'மியூட்' என்று பெயர் வைத்திருந்தார்கள். டீச்சர் அதட்டிப் பார்த்தார். பெயர் டீச்சரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

டீச்சர் தலையை நிமிர்த்தினார். எதிரே கதவுக்குப் பக்கத்தில் முக அட்டை தொங்கியது.

(இந்த அட்டையைச் சொல்லிவிடுகிறேன், கதை அதில்தான் மாட்டியிருக்கிறது. பெரிய அட்டையில் சிரிப்பு, சோகம், கோபம், பயம் என்று நான்கு முகங்கள். பிள்ளைகளின் மனநலத்துக்காக எல்லா வகுப்பிலும் உண்டு. துணி காயப்போடும் கிளிப்பில் ஆளுக்கொரு பெயர் எழுதியிருக்கும். காலையில் உள்ளே வரும்போது அவரவர் கிளிப்பை அன்றைய முகத்தில் மாட்டவேண்டும். சிரிப்பைத் தவிர வேறு எதில் மாட்டினாலும், இடைவேளையில் டீச்சர் பக்கத்தில் உட்காரவைத்து, "என்னாச்சு கண்ணு, சொல்லு" என்று கேட்பார். இவர் ஒருநாளும் கேட்கத் தவறியதில்லை.)

மியூட்டின் கிளிப் பருவம் முழுக்கச் சிரிக்கும் முகத்தில்தான் இருந்தது.

டீச்சர் எழுதினார்: 'அமைதியாக, மகிழ்ச்சியாக, மற்றவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பதில் வகுப்பிலேயே சிறந்தவள்.' படித்துப் பார்த்தார். திருப்தியாக இருந்தது.

3

அட்டையில் என்ன எழுதப்போகிறார்கள் என்பதை விழாவுக்கு முன்பே வீட்டுக்குத் தெரிவித்துவிடுவார்கள். மறுநாள் மியூட்டின் அம்மா வந்து நின்றார்.

(அம்மாவுக்கு முதலில் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை கொடுத்திருந்தேன். பேசாத மகளுக்கு மைக்கில் பேசும் அம்மா. எழுதிய கையோடு வெட்கமாகிவிட்டது. உண்மையில் அவர் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறார். அப்படியே இருக்கட்டும்.)

"உட்காருங்க."

"நேரமில்ல டீச்சர், கடையில அரை மணி நேரம்னு சொல்லிட்டு வந்திருக்கேன். இந்தப் பரிசு எங்களுக்கு வேணாம்."

"ஏங்க, நல்ல வரிதானே?"

"வரிக்கு என்ன, அழகாத்தான் இருக்கு. எங்க வீட்டுக்கு ஒருநாள் வந்து பாருங்க. வாய் ஓயாது. குளிக்கிறப்பகூட உள்ளேருந்து கதை சொல்லுவா. அவங்க அப்பா, 'தாயே, வாய்க்குக் கொஞ்சம் லீவு விடு'ன்னு கும்பிடுவாரு. வாசலைத் தாண்டினா பூட்டுப் போட்டுக்கறா. வீடு மாறினதுலேருந்து இப்படித்தான். டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போறோம். அந்தப் பூட்டைத் திறக்க நாங்க படாத பாடு படறோம் டீச்சர். நீங்க மேடையில கூப்பிட்டு, பூட்டு ரொம்ப அழகா இருக்குன்னு கைதட்டப் போறீங்க."

டீச்சருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஆனா அவ இங்க சந்தோஷமாத்தாங்க இருக்கா. தினமும் கிளிப்பை…"

"சிரிப்புல மாட்டுறா. தெரியும். வேற எதுல மாட்டினாலும் நீங்க கூப்பிட்டுப் பேசச் சொல்லுவீங்களாமே?"

டீச்சர் முக அட்டையைப் பார்த்தார்.

[இந்த இடத்தில் ஒரு பக்கத்தை வெறுமையாக விடத்தான் ஆசை. விட்டதாக வைத்துக்கொண்டு, கொஞ்சம் தாமதித்துப் படியுங்கள்.]

"பரிசை எடுத்துடுங்கன்னா எடுத்துடறேன்" என்றார் டீச்சர் கடைசியில்.

"அங்கதான் டீச்சர் மாட்டிக்கிட்டேன். தனக்கும் ஒரு அட்டை வருதுன்னு நேத்துலேருந்து வீட்டுல குதிக்கறா. அது என்ன அட்டைன்னு அவளுக்குக் கவலை இல்ல. நீங்களே ஏதாவது பண்ணுங்க."

4

இதுவரைக்கும் எழுதியதை அக்காவிடம் காட்டினேன்.

"டேய், டீச்சரை முட்டாளாக்கிட்டியே?"

"நீ சொன்னதைத்தானே எழுதினேன்."

"நான் சொன்னப்ப அவ முட்டாளா தெரியலையே. நீ எழுதினா தெரியுதே. அந்த அட்டை என் வகுப்புலயும்தான் தொங்குது. எல்லாக் கிளிப்பும் சிரிப்புல வரிசையா நிக்கும். விருந்தாளி வந்தா அதைக் காட்டிப் பெருமைப்படுவேன். அதையும் எழுது."

எழுதிவிட்டேன்.

"முடிவு என்ன?"

"இன்னும் வரலை."

"வரலைன்னா? பஸ்ஸா அது, வர்றதுக்கு?"

5

அம்மா போன பிறகு டீச்சர் அவளையே கவனிக்கத் தொடங்கினார். புதிதாக ஒரு வரி வேண்டும். உண்மையான வரி.

பருவத்தின் கடைசி வாரம் என்பதால் பாடம் இல்லை, மனநலச் செயல்பாடுகள். மூச்சுப் பயிற்சி நடந்தது. அவளும் மூச்சு விட்டாள். வண்ணம் தீட்டினார்கள், அவளும் தீட்டினாள். வரி எதுவும் தேறவில்லை. பிறகு சிரிப்புப் பயிற்சி. அதற்கென்று வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார். இறுக்கமான சட்டை, கழுத்தில் விசில். எல்லாரும் வட்டமாக நின்று "ஹா ஹா ஹோ ஹோ" என்று சிரிக்கவேண்டும். பிள்ளைகள் கடனே என்று சிரித்தார்கள். களைத்துப்போன பயிற்சியாளர் பின்னால் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலியில் பலூன் இருந்தது.

வெடித்ததும் அவர் விசிலை விழுங்காத குறையாகத் துள்ளி எழுந்தார். வகுப்பே வெடித்தது. எல்லாச் சிரிப்புக்கும் மேலே ஒரு சிரிப்பு கேட்டது. கட்டைக் குரல்; கொஞ்சம் கரகரப்பு; அடக்க அடக்க மீறிக்கொண்டு வந்தது. டீச்சர் திரும்பினார். ஜன்னலோரம்.

"டேய், மியூட்டுக்குச் சத்தம் வருதுடா!"

அத்தனை தலைகளும் திரும்பின. சிரிப்பு நின்றுவிட்டது, யாரோ ரேடியோவை அணைத்த மாதிரி.

(இதுதான் உச்சகட்டம் என்று நினைத்து இரண்டு நாள் இங்கேயே உட்கார்ந்திருந்தேன். இல்லை. இதில் டீச்சருக்கு ஒன்றுதான் புரிந்தது: அவளுக்குப் பேச்சு பயமில்லை, திரும்பும் தலைகள்தான் பயம். மேடையில் எவ்வளவு தலைகள்!)

டீச்சர் ஹெச்.எம்.மிடம் போனார்.

"மேடம், ஒரு பிள்ளைக்கு மட்டும் மைக் வேண்டாமே?"

"ஒரு பிள்ளைக்கு விட்டா மீதிப் பிள்ளைங்க சும்மா இருக்குமா? எல்லாருக்கும் ஒரே விதிங்கறதுதான் நம்ம பள்ளியோட அழகு. ஒரே ஒரு வாக்கியம். மெதுவா சொல்லட்டும், நாங்க காத்திருக்கோம்."

அன்று மாலை மணியடிக்கும் முன் டீச்சர் முக அட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றார். "நாளையிலேருந்து யார் எதுல மாட்டினாலும் நான் கூப்பிட மாட்டேன். எதுவும் கேட்க மாட்டேன். உங்களுக்கா பேசணும்னா நீங்களே வாங்க."

"சத்தியமா, டீச்சர்?"

"சத்தியமா."

மறுநாள் காலை மியூட்டின் கிளிப் பயத்தில் இருந்தது.

அவளுடையது மட்டும் இல்லை. சிரிக்கும் முகம் பாதி காலி. எப்போதும் ஆடிப்பாடும் வகுப்புத் தலைவியின் கிளிப் சோகத்தில். கணக்கில் புலியின் கிளிப் பயத்தில். 'மியூட்' என்று பெயர் வைத்தவனே கோபத்தில் மாட்டியிருந்தான். பிள்ளைகள் வழக்கம்போலப் பென்சில் சீவிக்கொண்டும் பெஞ்சைத் தட்டிக்கொண்டும் இருந்தார்கள். டீச்சர் வருகைப் பதிவு எடுத்தார். கேட்கமாட்டேன் என்று சொல்லியாகிவிட்டது. ஒரு பருவம் முழுக்கக் கேட்டுத் தெரியாதது, கேட்காமல் கிடைத்திருக்கிறது. கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

இடைவேளையில், வேறு யாரும் இல்லாதபோது, ஜன்னலோரத்துப் பெண்ணின் மேசைமீது டீச்சர் இரண்டு துண்டுச் சீட்டுகளை வைத்தார். ஒன்றில் பழைய வரி. இன்னொன்றில்: 'பயிற்சியாளர் பலூன்மீது உட்கார்ந்தபோது எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள்.'

"எது உனக்கு?" என்றுகூடக் கேட்கவில்லை. வைத்துவிட்டுக் கரும்பலகை துடைக்கப் போனார். திரும்பி வந்தபோது பழைய சீட்டு, நான்காக மடித்து, டீச்சரின் பேனாவுக்கடியில் இருந்தது.

6

இப்போது விழா. என்னிடம் முடிவுகள் இருக்கின்றன.

முதல் முடிவில் அவள் மைக்கைப் பிடித்துக் கணீரென்று பேசுகிறாள். மண்டபம் கண்ணைத் துடைக்கிறது. ("இதை வையேன்டா, நல்லாத்தானே இருக்கு" என்கிறாள் அக்கா. நல்லாத்தான் இருக்கிறது. ஒரு குழந்தையை எல்லார் முன்னாலும் திறந்து காட்டி முடியும் கதையை என்னால் நம்ப முடியவில்லை.)

இரண்டாம் முடிவில் அவள் மேடைக்கே வருவதில்லை. அட்டை டீச்சரின் கையிலேயே… (இல்லை. ஆசைப்பட்ட அட்டை அது. என் சோகத்துக்காக அவளிடமிருந்து அதைப் பிடுங்கக்கூடாது.)

மூன்றாவது, நான் பார்த்தது. அது பாதிதான்.

டீச்சர் பலூன் வரியை வாசித்தார். மண்டபம் சிரித்தது. மேடையின் மறுபாதியில் ஏதோ அசைந்தது, டீச்சர் அந்தப் பக்கம் அட்டையை நீட்டினார், அட்டை போய்விட்டது. ஆக, அவள் வந்திருந்தாள். பிறகு டீச்சரின் கட்டைவிரல் மைக்கின் கழுத்தில் ஒருமுறை அழுந்தியது. நான் வந்ததிலிருந்தே ஒலிபெருக்கியில் ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது; நின்ற பிறகுதான் அப்படி ஒன்று இருந்ததே தெரிந்தது. நான் சொன்ன அமைதி அங்கிருந்து வந்ததுதான். டீச்சர் மண்டியிட்டு உட்கார்ந்தார். செத்துப்போன மைக்கைத் தூணுக்கு அந்தப் பக்கம், ஒரு சின்ன வாய் இருக்கக்கூடிய உயரத்தில், நீட்டிப் பிடித்தார்.

காத்திருந்தார்.

டீச்சர் முகம் மட்டும் தெரிந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை; தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஒருமுறை ஆட்டினார். எழுந்தார். இரைச்சல் திரும்ப வந்தது. அடுத்த பெயர். அதற்குள் நடுவரிசையில் ஒரு பெண் எழுந்து நின்று, தனியாகக் கைதட்டினார். எனக்குப் பின்னந்தலைதான் தெரிந்தது. அம்மாவாகத்தான் இருக்கவேண்டும்.

விழா முடிந்ததும் ஹெச்.எம். கேட்டாராம்: "அந்தப் பொண்ணு பேசுச்சா? ஒண்ணும் காதுல விழலையே."

"விதிப்படி மைக் குடுத்தேன் மேடம்" என்றாராம் டீச்சர்.

7

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சுன்னு டீச்சர்கிட்ட நான் கேட்டுச் சொல்லட்டுமா?" என்றாள் அக்கா. "அடுத்த வகுப்புதானே."

"வேண்டாம்."

"முடிவில்லாம கதை விடறது பாதிச் சாப்பாட்டுல எழுந்து போற மாதிரிடா."

"உன் வகுப்பு முக அட்டையை என்ன பண்ணின?"

"நானும் கேட்க மாட்டேன்னு சொல்லிட்டேன்" என்றாள். சிரிக்கும் முகத்தில் எத்தனை கிளிப் மிஞ்சின என்று நான் கேட்கவில்லை.

ஆகவே வாசகரே, தூணுக்கு அந்தப் பக்கம் உங்களுடையது. அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம். அல்லது அணைந்த மைக்கின் முன்னால் வெறுமனே நின்றிருக்கலாம். அல்லது அந்தக் கரகரத்த குரலில், ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் கேட்கும்படி, பலூனை நினைத்துக் கொஞ்சம் சிரித்திருக்கலாம். இந்தக் கதையின் கடைசியில் நான்கு முகங்களைத் தொங்கவிட்டிருக்கிறேன். இதோ உங்கள் கிளிப். எதில் வேண்டுமானாலும் மாட்டுங்கள்.

கூப்பிட்டுக் கேட்க மாட்டேன்.