மணிவேல் வெட்டிய கொடி

செல்லி கோத்தகிரியிலிருந்து திரும்பி வந்தபோது அவள் மடியில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பையும், அதற்குள் சாண் உயரத்துக்கு ஒரு செடியும் இருந்தன. சாமை மாவில் பிஸ்கட் போடக் கற்றுத்தருகிறார்கள் என்று மகளிர் குழுவிலிருந்து பதினோரு பெண்களை ஜமுனாமரத்தூரில் வேன் ஏற்றிக் கூட்டிப்போயிருந்தார்கள். நான்கு நாள் பயிற்சி. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் மணிவேல் இல்லாமல் அவள் மலையிறங்கிப் போனது அதுதான் முதல் தடவை. மற்றவர்கள் வர்க்கியும் தேயிலைத்தூளும் வாங்கி வந்திருந்தார்கள். இவள் இதைக் கொண்டுவந்திருந்தாள்.

"இன்னா செடி இது?" என்றான் மணிவேல்.

"கொடி மாமா. பூ பூக்கும்."

"தலைக்கு வெக்கற பூவா?"

"இல்ல. வாசன கெடையாது."

"சாமிக்கா?"

"போடலாமா இன்னான்னு தெரியல."

"சரி, காயாவது காய்க்குமா?"

செல்லி சிரித்துவிட்டாள். "காய்க்காது. ஆடுகூட வாய் வெக்காதாம்."

மணிவேலுக்கு இரண்டு ஏக்கர் சாமைக்கொல்லையும் ஏழு புளியமரமும் ஆறு ஆடும் உண்டு. அந்த மலையில் முளைக்கிற ஒவ்வொன்றும் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று அவனுக்கு அத்துப்படி. ஆடுகூடத் தின்னாத ஒன்றை ஒருத்தி நாள் முழுக்க மடியில் வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவருவது எதற்கு என்பதுதான் அவனுக்கு விளங்கவில்லை. அதிலும் அந்த இலையைப் பார்த்தால், கொல்லை வேலியில் தானாகப் படர்ந்து, வருஷா வருஷம் அவன் அரிவாளால் அறுத்துப்போடும் காட்டுக்கொடியின் இலை மாதிரியே இருந்தது.

குழாயடிக்குப் பக்கத்தில், வேலியோரமாக, செல்லி முழங்கால் ஆழத்துக்குக் குழி எடுத்தாள். ஆட்டெரு போட்டு, செடியைப் பையில் இருந்ததைவிடக் கொஞ்சம் ஆழமாகவே இறக்கினாள். நான்கு மூங்கில் குச்சிகளைச் சுற்றி ஊன்றினாள். பிறகு ஓடைப்பக்கம் போய்த் தட்டையான கற்களைப் பொறுக்கிவந்து அடியைச் சுற்றிப் பரப்பினாள்.

"கல்லு எதுக்கு?"

"வேரு குளுந்து கெடக்கணும். தலைக்கு மட்டும் வெயில் வேணும்."

"இன்னா பேரு சொன்ன இதுக்கு?"

"கிளமேட்டிஸ்."

மணிவேல் இரண்டு தடவை சொல்லிப்பார்த்தான். வாயில் ஏறவில்லை. விட்டுவிட்டான்.

கொடி ஏறியது. பாகல், புடலை மாதிரி சுருள்கம்பி விட்டுப் பிடிக்கவில்லை. இலையின் காம்பே வளைந்து குச்சியைச் சுற்றிக்கொண்டது. அதை மணிவேலும் கவனித்தான். அதைவிட அதிகமாக அவன் கவனித்தது செல்லியை. விடிந்ததும் அவள் டீ டம்ளரோடு குழாயடிக் கல்லில் போய் உட்கார்ந்துகொண்டாள். பத்து நிமிஷம் எதுவும் செய்யாமல் அந்தக் கொடியைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் ஆட்டை அவிழ்த்தாள், அடுப்பை மூட்டினாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் சும்மா உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை.

"இன்னா யோசன?" என்று கேட்டான்.

"ஒன்னுமில்லியே."

ஒன்றுமில்லை என்றால் எதற்கு அப்படி உட்காருகிறாள்? உடம்புக்கு ஏதாவதா? கோத்தகிரியில் யாராவது ஏதாவது சொன்னார்களா? குழுவின் தலைவி ஈஸ்வரியைச் சந்தையில் பார்த்தபோது, சுற்றி வளைத்து விசாரித்தான்.

"ஒன்னும் நடக்கலண்ணே. பிஸ்கட் போட்டோம், சோறு தின்னோம், வந்தோம்," என்றாள் ஈஸ்வரி. "நாங்க தங்கின எடத்துல ரத்தினம்மாள்னு ஒருத்தவங்க சமையல் பாக்கறாங்க. செல்லிக்கா அவங்களோட தோட்டத்துலயே கெடந்தாங்க. அவங்கதான் பதியம் போட்டு வெச்சிருந்த செடி ஒன்ன எடுத்துக் குடுத்தாங்க. ஏண்ணே, இன்னா ஆச்சு?"

"ஒன்னுமில்ல," என்றான் மணிவேல். இப்போது அவனே அதைச் சொன்னான்.

ஐப்பசியில் கொடி மூன்று பூ பூத்தது. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். கருநாவல் பழத்தைக் கடித்த நாக்கு போல அடர்ந்த ஊதா. அக்கம்பக்கத்துப் பெண்கள் போனோடு வந்து நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்திருந்த மகள் சுவேதா அம்மாவை அதன் பக்கத்தில் நிறுத்தி எடுத்தாள். யாரும் இல்லாத நேரம் பார்த்து மணிவேலும் போய் நின்றான். இதழ்களை எண்ணினான். ஒரு பூவுக்கு நாலு. இன்னொன்றுக்கு ஐந்து. மூன்றாவதுக்கு ஆறு. ஒரே கொடியில் இப்படியா? மறுபடி எண்ணினான். அப்படித்தான் இருந்தது. தனக்கு எத்தனை இதழ் என்றே தெரியாத பூவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பூ உதிர்ந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று மயிர்க்கற்றை மாதிரி ஒன்று சுருண்டு நின்றது. அதுவும் காற்றில் போயிற்று. மார்கழிக் குளிரில் இலைகள் பழுப்பாகித் தொங்கின. பொங்கலுக்குள் தண்டு முழுக்கக் காய்ந்து, பழைய சணல் கயிறு போலத் தோல் உரிந்துவிட்டது. விரலால் தொட்டால் பொடிந்தது.

செத்துவிட்டது என்று மணிவேல் முடிவு செய்தான். மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாகக்கூட இருந்தது. தினமும் காலையில் போய் அந்தச் செத்த கொடிக்கு எதிரே உட்காருகிறாளே என்று செல்லி மேல் இரக்கம் வந்தது. சுவேதாவின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்று செல்லி ஜமுனாமரத்தூருக்கு பஸ் ஏறிய அன்றைக்கு, அவள் வருவதற்குள் சுத்தம் பண்ணி வைத்துவிடலாம் என்று அரிவாளை எடுத்தான்.

தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுத்தான். காய்ந்த கொடியைச் சுருட்டி வெந்நீர் அடுப்பில் போட்டான். கற்களைப் பெயர்த்துக் குழாயடிச் சேற்றில் பரப்பினான். பாத்திரம் கழுவ வசதியாக இருக்கும். தைப்பட்டம், இடத்தைச் சும்மா விடுவானேன் என்று மண்ணைக் கொத்திவிட்டு நாலு பீர்க்கன் விதை ஊன்றித் தண்ணீரும் விட்டான். மூங்கில் குச்சி ஏற்கெனவே இருந்தது. நல்ல வேலை செய்தோம் என்று அவனுக்குத் திருப்தியாக இருந்தது. கை மட்டும் லேசாக அரித்தது.

செல்லி நாலு மணி பஸ்ஸில் வந்தாள். வேலியோரம் போய் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள்.

"இங்க கெடந்த கல்லு எங்க மாமா?"

"கொழாயாண்ட போட்டேன். கொடி செத்துப்போச்சி, அதான் எடுத்துட்டேன். பீர்க்கன் வெத போட்டிருக்கேன்."

"சரி," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள்.

அதோடு சரி. திட்டவில்லை, அழவில்லை. களி கிண்டினாள், குழம்பு வைத்தாள், அவன் தட்டில் போட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். கேட்காததை எதையும் சொல்லவில்லை. காலையில் டீயை அடுப்படியிலேயே நின்று குடித்தாள். மறுநாள் அவன் கையெல்லாம் சிவந்து கொப்புளம் போட்டிருந்தது. செல்லி தேங்காயெண்ணெயைக் கொண்டுவந்து, அவன் கையைப் பிடித்துத் தானே தடவிவிட்டாள். "அதோட சாறு பட்டா அரிக்கும். தண்டு உள்ள ஈரம் இருந்திருக்கும்," என்றாள். மணிவேல் அவள் முகத்தையே பார்த்தான். கோபமா இல்லையா? கோபம் என்றால் எதற்கு எண்ணெய் தடவுகிறாள்? இல்லையென்றால் எதற்குப் பேச மாட்டேன் என்கிறாள்? சண்டை பிடித்திருந்தால் அவனும் நாலு வார்த்தை பேசி முடித்திருப்பான். இதற்கு எந்தப் பக்கம் கதவு என்றே அவனுக்குத் தெரியவில்லை.

பத்து நாள் பார்த்தான். பிறகு, மோட்டாருக்கு வாஷர் வாங்கவேண்டும் என்று சொல்லிவிட்டு மலைக்குக் கீழே ஒடுகத்தூருக்குப் போனான். உண்மையில் வாஷர் ஒன்றும் அவசரமில்லை. ரோட்டோரத்தில் கோபால்சாமி என்பவர் நர்சரி வைத்திருப்பதை அவன் முன்பே பார்த்திருக்கிறான்.

"கொடி ஒன்னு வேணுங்க. ஊதாப் பூ," என்றான்.

"சங்குப்பூவா?"

"அதில்லீங்க. பெருசு. இம்மாம் பெருசு."

"காகிதப்பூவா?"

"இல்லீங்க. வாசன கெடையாது. காய் கெடையாது. சாமிக்கும் போடறதில்ல. ஆடுகூடத் தின்னாது."

கோபால்சாமி சிரித்தார். "அப்புறம் இன்னாத்துக்குங்க அது?"

மணிவேலுக்குச் சுள்ளென்று வந்தது. கேட்டது அவனுடைய சொந்தக் கேள்விதான். ஆனால் இன்னொருத்தர் வாயில் கேட்கும்போது செல்லியைச் சொன்ன மாதிரி இருந்தது.

"பாக்கறதுக்கு," என்றான் முறைப்பாக. "எங்க வூட்டுல அதப் பாப்பாங்க."

கோபால்சாமி சிரிப்பை நிறுத்திக்கொண்டார். பேர் என்ன என்றார். மணிவேல் தெரிந்த மட்டும் சொன்னான்: "கிளி… கிளிமேட்டீஸ்." அவர் போனிடம் அதையே சொல்ல, போனுக்குப் புரிந்துவிட்டது. படம் வந்தது. "இதாங்களா?"

"இதேதான்!"

"இது கீழ வராதுங்க. இந்த வெயிலுக்கு ஒரே வாரத்துல கருகிடும். நான் வெக்கறதில்ல." காய்ந்துபோன கொடியைத் தான் அறுத்துப்போட்டதை மணிவேல் சொன்னதும், ஒரு வீடியோவைத் தட்டிக் காட்டினார். யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவர் காய்ந்த கொடியை அடியில் ஒரு சாண் விட்டுக் கத்திரிக்கோலால் நறுக்கிக்கொண்டிருந்தார். "பாருங்க, இந்த ரகத்த வருஷா வருஷம் இப்படித்தான் வெட்டணுமாம். மேலதான் காயும், வேரு உசுரோட இருக்கும். நீங்க வெட்டினதுல ஒன்னும் தப்பில்லியே!"

மணிவேல் பைக்கை விரட்டிக்கொண்டு மலையேறினான். வாஷரை வாங்க மறந்துவிட்டான். தப்பில்லை. தப்பே இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வந்தான்.

செல்லி வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வெட்டலாமாம்!" என்றான் வண்டியை நிறுத்துவதற்குள். "வீடியோவுலயே பாத்துட்டேன். சாண் வுட்டு வெட்டணுமாம். நானும் சாண் வுட்டுத்தான வெட்டியிருக்கேன்!"

"தெரியும் மாமா," என்றாள் செல்லி. "பொங்கல் முடிஞ்சதும் வெட்டி வுடுன்னு ரத்தினம்மாக்கா சொல்லிதான் அனுப்பினாங்க. அந்த வாரம் நானே வெட்டறதா இருந்தேன்."

மணிவேலுக்குத் தலை சுற்றியது. "அப்ப இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீற?"

அவள் கையிலிருந்த புளியைத் தட்டில் போட்டாள்.

"பீர்க்கன் வெதயப் போட்டியே."

"செத்துப்போச்சின்னு நெனச்சேன்."

"செத்துத்தான் போவட்டுமே. அந்த எடத்துல நான் ஒன்னு வெச்சிருந்தேன் இல்ல? அடுத்து இன்னா வெக்கறதுன்னு என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கொல்லைல சாமையா கேழ்வரகான்னு நீ சொல்ற, நான் வெதைக்கறேன். எந்த மரம் உலுக்கறதுன்னு நீ சொல்ற, நான் பொறுக்கறேன். அது பத்தி ஒன்னும் இல்ல. இந்த ஒரு மொழம் எடத்துல மட்டும் யாரையும் கேக்காம நானா ஒன்னு வெச்சேன். நீ அர நாள்ல கொத்திப்புட்ட."

மணிவேல் அசந்து நின்றான். இப்படி ஒன்று இருக்கும் என்று அவன் நினைத்தே பார்த்ததில்லை. "மொத்த வூடும் உன்னுதுதான செல்லி?" என்றான்.

"அப்படியா? எப்பலருந்து?"

அவள் சிரிக்கிறாளா, குத்துகிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவன் நேராக வேலிக்குப் போனான். பீர்க்கன் நாலும் முளைத்து இரண்டிரண்டு இலை விட்டிருந்தன. ஒன்றைப் பிடுங்கக் குனிந்தான்.

"பிடுங்காத!" உள்ளேயிருந்து சத்தம் வந்தது. பின்னாலேயே செல்லியும் வந்தாள். "பிடுங்கினா அடில வேரு ஆடிடும். அது பாட்டுக்கு இருக்கட்டும். வெயில்ல கொஞ்சம் நெழலாவது குடுக்கும்."

"அப்ப நான் இன்னாதான் பண்ணட்டும், சொல்லு?"

"கல்லக் கொண்டாந்து போடு."

கற்களைக் கழுவி ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, எங்கே வைக்கட்டும், இங்கேயா, அங்கேயா என்று கேட்டுக் கேட்டு வைத்தான். நாலாவது கல்லுக்கு அவளுக்கே சலித்துவிட்டது. "ஐயோ, எங்கியாவது வையி மாமா," என்றாள். கேட்டாலும் தப்பா என்று அவன் விழித்தான்.

மாசிக் கடைசியில் ஒரு காலை. ஆட்டை அவிழ்த்து ஓட்டி வந்தவன், கற்களுக்கு நடுவில் கருஞ்சிவப்பாக மூக்கு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தான். களையா, கொடியா? அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. தொடவில்லை. ஆட்டைத் திரும்பவும் கட்டிவிட்டுக் குரல் கொடுத்தான். செல்லி மாவுக்கையோடு ஓடிவந்து குத்துக்காலிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"அதுதான்," என்றாள். முகம் முழுக்கப் பல்லாக இருந்தது.

மணிவேலும் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஒன்னு கேக்கட்டா? இதுல இன்னா அப்படிப் புடிச்சிது உனக்கு?"

செல்லி யோசித்தாள். "தெரியல மாமா. அங்க மொத நாள் காலைல எழுந்து வெளிய வந்தேன். எதிர செவுரு பூரா இது பூத்திருந்துது. ஆடு இல்ல, அடுப்பு இல்ல, யாரும் ஒரு வேலையும் சொல்லல. பாத்துக்கினே நின்னேன். அவ்ளோதான்."

அவ்வளவுதானா என்று மணிவேல் நினைத்தான். அவ்வளவுதான் என்றால் அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். பாதி புரிந்த மாதிரியும் இருந்தது, மீதி கைக்கு எட்டாத மாதிரியும் இருந்தது. இருவரும் அந்த மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வைகாசில இன்னொரு பயிற்சி இருக்குதாம். ஈஸ்வரி சொன்னா," என்றாள் செல்லி.

"போய்ட்டு வா." பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான்: "நானும் வரட்டா?"

செல்லி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்த மாதிரி அவனுக்குத் தோன்றியது.

"பாக்கலாம் மாமா," என்று சொல்லிவிட்டு, மாவுக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

வா என்றாளா, வேண்டாம் என்றாளா என்று மணிவேலுக்குத் தெரியவில்லை. கோபம் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. ஆடுகள் கத்த ஆரம்பித்திருந்தன. அவன் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.