செருப்பைக் கழற்ற மாட்டேன்

எங்கள் கிரேக்கத் தீவுகளைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை. கல்யாணமான பதினைந்தாம் வருடம் ஒருவழியாகக் கிளம்பினோம். கிளம்பினோம் என்றால் நானும் என் கணவன் பந்தெலிஸும் மட்டுமில்லை. லாரிசா ஊரில் எங்கள் மாதா கோயில் ஏற்பாடு செய்த சுற்றுலா அது, பஸ்ஸில் முதல் சீட்டு என் மாமியார் பொலிக்ஸேனிக்கு.

பத்மோஸ் தீவில் நான் மடத்துக் கோட்டைச் சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது மாமியார் என் கையில் மெழுகுவத்தியைத் திணித்தாள். "ஏத்துடி, வயிறு திறக்கட்டும்." கோஸ் தீவில் எல்லோரும் பழைய மரத்தடியில் படம் எடுத்தார்கள். என்னை மட்டும் அதைத் தொட்டுக் கும்பிடச் சொன்னாள், அந்தக் காலத்துப் பெரிய வைத்தியர் உட்கார்ந்த மரமாம். பல்லைக் கடித்துக்கொண்டு தொட்டேன். ரோட்ஸ் தீவு வரட்டும், லிண்டோஸ் கோட்டை உச்சியில் நின்று கடலைப் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ரோட்ஸ் வந்தது. லிண்டோஸுக்குப் போகிற பஸ் வழியில் சம்பிகா மாதா குன்றின் அடிவாரத்தில் நின்றது. பிள்ளை வேண்டுகிற பெண்கள் உச்சிக் கோயிலுக்கு வெறுங்காலோடு படி ஏறுகிற குன்று. பிறந்தால் மாதா பேரையே வைப்பார்கள், எங்கள் டிரைவர் பேரும் சம்பிகோஸ்தான்.

மாமியார் கைப்பையிலிருந்து வெள்ளித் தகட்டில் செய்த குழந்தை உருவத்தை எடுத்தாள். காணிக்கை. ஊரிலேயே செய்து கொண்டுவந்திருக்கிறாள்!

"அர்கிரோ, செருப்பைக் கழட்டு."

"மாட்டேன் அத்தை."

"ஏண்டி?"

"கால் சுடும்."

பஸ்ஸில் வந்த பெண்கள் எல்லாம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஒரு பேரனுக்காகக் கொஞ்சம் சுட்டா செத்தா போயிடுவ? குறையை உன்கிட்ட வச்சுக்கிட்டு வாய் வேற காட்டுறியா?" என்றாள் மாமியார்.

நான் பந்தெலிஸைப் பார்த்தேன். அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். குறை யாரிடம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தெசலோனிகியில் டாக்டர் அவன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். திரும்பி வரும்போது காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதான். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத." சரி என்றேன். பத்து வருடத்துக்கு மேல் அந்த வாக்கைக் காப்பாற்றினேன். பேர்சூட்டு விழாக்களில் என்னைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள், குழந்தையைத் தூக்கினால் உடனே வாங்கிக்கொண்டார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை நான். அந்த வெயிலில் நின்றபோது இனிமேல் முடியாது என்று தோன்றியது. அவன் இன்றைக்கும் வாயைத் திறக்காவிட்டால் சாயங்காலக் கப்பலில் நான் தனியாகத்தான் ஊருக்குப் போவேன், அவன் வீட்டுக்குப் போக மாட்டேன். முடிவு செய்துவிட்டேன்.

மாமியார் கையிலிருந்து வெள்ளிக் குழந்தையை வாங்கினேன். நேராகப் போய் அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினேன்.

"இது உன்னோடது. என்ன பண்ணணுமோ பண்ணு."

அவன் காது சிவந்துபோனது. மூடிய கையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு முதல் படியில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தான்.

"நீ ஏண்டா கழட்டுற? ஆம்பளை ஏறினா பிள்ளை பிறக்குமா?" மாமியார் கத்தினாள்.

"ஏற வேண்டியவன் நான்தாம்மா. குறை எனக்கு. டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டாரு. அவளுக்கு ஒண்ணுமே இல்ல." மெதுவாக இல்லை, பஸ்ஸே கேட்கிற மாதிரி சொன்னான்.

மாமியார் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். ஆனாலும் அவள் சாமானியத்தில் விடுகிறவளா? "பொய் சொல்றான்! பொண்டாட்டியக் காப்பாத்தப் பாக்குறான்."

"இத்தனை வருஷமா அவதாம்மா என்னைக் காப்பாத்தினா."

மாமியார் அப்படியே படியில் உட்கார்ந்தாள். வெள்ளிக் குழந்தையை அவள் மடியில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு என் முன்னால் வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது. "ஏறட்டுமா, அர்கிரோ?"

சும்மா சொல்லக் கூடாது, ஏறட்டும், கால் பொசுங்கட்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அத்தனை வருடக் கோபம் ஒரு நிமிடத்தில் போய்விடுமா?

"யாரும் ஏற வேண்டாம். ஷூவை மாட்டு. நேரமானா கோட்டையைப் பூட்டிடுவாங்க."

மற்றவர்கள் மாதாவைக் கும்பிட்டு வரட்டும் என்று விட்டுவிட்டு, நாங்கள் இரண்டு பேர் மட்டும் ரோட்டில் வந்த ஊர் பஸ்ஸில் ஏறிக்கொண்டோம். வழியில் அவன் கை என் கையைத் தேடியது. உடனே கொடுக்கவில்லை. லிண்டோஸின் வெள்ளை வீடுகள் தெரிந்த பிறகுதான் கொடுத்தேன்.

அங்கே கோட்டைக்குக் கழுதைச் சவாரி விடுகிறவன் குறுக்கே வந்தான். "ஏறிக்கோ அம்மா, மேல வரைக்கும் படிதான், வெயில் வேற கொளுத்துது."

"தெரியும்," என்றேன்.

எல்லாப் படியையும் ஏறினேன். செருப்போடு, யாரிடமும் எதையும் கேட்காமல்.