தாத்தா கொடுத்துவிட்ட இடம்

தாத்தா காலைப் பிரார்த்தனையில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். ஒன்பது மணிக்கெல்லாம் பேரன் கடப்பாரையும் மண்வெட்டியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்துவிட்டான். குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டுவது அவனுக்கு இருபத்தைந்து வருஷப் பிழைப்பு. கூட்டாளிகள் கூப்பிடுவதே ‘கடப்பாரை’ என்றுதான். பாட்டிக்குப் பக்கத்திலேயே, தன் கையாலேயே குழி வெட்டுவதாகத் தாத்தாவிடம் வாக்குக் கொடுத்திருந்தான்.

அவர் சரி என்றும் சொன்னதில்லை, வேண்டாம் என்றும் சொன்னதில்லை. பிடிக்காத கேள்வி வந்தால் கண்ணை மூடிப் பிரார்த்தனையில் இறங்கிவிடுவார். நடுவில் புகுந்து கலைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? புதுக் கம்பளி எங்கே என்றால் பிரார்த்தனை. பெரிய பானை எங்கே என்றாலும் பிரார்த்தனை. ஒரு தடவை சட்டையையே எவனுக்கோ கழற்றிக் கொடுத்துவிட்டு, கொட்டுகிற மழையில் வெற்று மார்போடு வந்து நின்றார். அத்தை கேட்டதற்கு, புழுக்கமாக இருந்தது என்றார்.

பாட்டியின் மேட்டை ஒட்டி ஒரு சின்னக் கல் பதினோரு வருஷமாக நிற்கிறது. தாத்தா தன் பேரைப் பொறித்து இடம் பிடித்து வைத்திருக்கிறார் என்றே வீடு முழுக்க நினைத்திருந்தது. அந்த வீட்டில் எழுத்துத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வருஷா வருஷம் எல்லோரும் வந்து இரண்டு இடத்திலும் புல் பிடுங்குவார்கள். பேரன் கல்லைத் துடைத்துவிட்டு, “உங்க வீட்டைப் பளபளன்னு வச்சிருக்கேன் தாத்தா” என்று கேலி பண்ணுவான். அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

போன வருஷம்தான், நாற்பத்து மூன்று வயதில், தொழிலாளர் சங்கத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அவன் எழுத்துக் கூட்டக் கற்றான். தாத்தாவின் பேரை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டுக் கடப்பாரையை ஊன்றலாம் என்று குனிந்தான். கூட்டிப் பார்த்தால் அது தாத்தாவின் பேராக வரவில்லை. தன் படிப்பின் லட்சணம் என்று நினைத்து, விரலை வைத்து மறுபடி கூட்டினான். ஒரு பெண் குழந்தையின் பேர். கீழே, வயது மூன்று.

வாசலிலேயே தயங்கி நின்ற காவல்காரர் மெல்லக் கிட்டே வந்தார்.

“உங்க தாத்தா கொடுத்ததுதான் தம்பி. ஒருத்தன் குழந்தையைத் துணியில சுத்தித் தூக்கிட்டு வந்தான். இங்க ஒரு சாண் இடம் கிடையாதுன்னுட்டேன். பாட்டி மேட்டுகிட்ட உக்காந்து வேண்டிட்டிருந்த உங்க தாத்தா எந்திரிச்சு வந்து, என் இடம் இருக்கில்ல, அதுல வைன்னார். வீட்ல சொல்லாதேன்னார்.”

அதற்குள் அத்தை வந்துவிட்டாள். அப்பாவை அம்மாவுக்குப் பக்கத்தில் சேர்த்துவிட்டால் போதும் என்று காலையிலிருந்து அதையே சொல்லி அழுதவள். விஷயத்தைக் கேட்டதும் அழுகை நின்றுவிட்டது. இடத்துப் பத்திரம் நம் பெட்டியில்தானே இருக்கிறது என்றாள். இத்தனை வருஷத்தில் அங்கே மண்ணைத் தவிர என்ன மிச்சமிருக்கப் போகிறது என்றாள்.

“அம்மா பதினாலு வருஷமாத் தனியாக் கிடக்காடா. தோண்டு.”

அவன் கடப்பாரையைத் தூக்கினான். எத்தனையோ தெருவைப் பிளந்த இரும்பு. இன்றைக்குத் தோளுக்குமேல் ஏறவில்லை. சத்தமில்லாமல் கீழே வைத்தான்.

“படிச்சுட்டேனே அத்தை. படிக்காம இருந்திருந்தா தோண்டியிருப்பேன்.”

அவள் திட்டவில்லை. அம்மாவின் மேட்டருகே உட்கார்ந்து புல்லைப் பிடுங்கினாள். பழக்கதோஷத்தில் கை பக்கத்துக் கல்லடிக்கும் போனது. பிடுங்கினாள்.

இனிமேல் இடம் என்றால் ஊருக்கு வெளியே கல்குவாரிக்குப் பக்கத்துப் புதுக் கல்லறை மைதானம்தான். அங்கே முழங்கால் ஆழம்வரை மண் வழிவிட்டது. அதற்குக் கீழே பாறை. கடப்பாரை எகிறி எகிறி அவன் தோளைத்தான் உலுக்கியது. கூட்டாளிகள் இரண்டு பேர் கைமாற்ற வந்தார்கள். வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று விடவில்லை. மூன்று மணிக்குத் தாத்தாவைக் கொண்டுவந்து பக்கத்தில் இறக்கி வைத்தபோது பள்ளம் இடுப்பளவுகூட இல்லை. அவனுக்கு உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தது.

இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும் என்று கேட்டான். எத்தனை நேரம் கொடுத்தாலும் கடப்பாரை இனி இறங்காது என்று அவனுக்கே தெரியும்.

அத்தை விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தாள்.

“அப்பாவுக்கு இது பத்துமாடா?”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். தாத்தாவுக்கு உடனே வருமே, அந்தப் பிரார்த்தனையில் ஒரு வார்த்தைகூட அவனுக்கு வரவில்லை. இரும்பு பாறையில் மோதிய சத்தம்தான் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.