இரண்டு கை பச்சை பெயிண்ட்

வேலையை ஒழுங்காகச் செய்கிறவன் உருப்படமாட்டான் என்று யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அறுபத்தொன்றாம் வருஷம், ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. பிரேக் இன்ஸ்பெக்டர் மாதத்துக்கு ஒரு நாள்தான் தென்காசிக்கு வருவார். அன்று வண்டி ஓடத் தகுதியானது என்று எஃப்.சி. சான்றிதழ் வாங்காவிட்டால் டாக்சி ஓடக் கூடாது. முதலாளி காந்திமதிநாதன் பிள்ளை காலையிலேயே சொல்லிவிட்டார்.

"இன்னைக்கு எஃப்.சி. ஆகலேன்னா வண்டியைச் செங்கோட்டைக்காரருக்குக் குடுத்திருவேன், நல்லக்கண்ணு. அவரு சொந்தத்துக்கு வச்சுக்கிடுதாராம்."

ஒன்பது வருஷமாக நான் ஓட்டிய வண்டி. அது போனால் என் பிழைப்பும் போயிற்று.

எஃப்.சி.க்குப் போகிற வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பது வழக்கம். மற்ற டிரைவர்கள் விளக்கைச் சுற்றிப் பூசி ஒப்பேற்றிவிடுவார்கள். எனக்கு அது ஆகாது. பின்பக்கம் நடுவில் இருந்த பிரேக் விளக்கைக் கழற்றி, அது உட்காரும் இடத்துக்கும் திருகாணித் துளைக்கும்கூட இரண்டு கை பச்சை பூசி, காய்ந்த பிறகு மாட்டினேன். "மாப்பிள்ளை மாதிரில்லா இருக்கு" என்றாள் என் மனைவி உலகம்மாள்.

மைதானத்தில் வரிசையில் நிற்கும்போது பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். எனக்குப் பின்னால் நின்ற டாக்சிக்காரர் முகம்மது இஸ்மாயில், "எரியலவே" என்றார்.

பல்பைப் பாட்டரியில் வைத்தேன், எரிந்தது. ஃபியூசில் குறையில்லை. பெடலுக்கு அடியில் இருந்த சுவிட்சையும் மாற்றினேன். விளக்குக்கு வரும் வயரில் கரண்ட் வந்தது. பல்பும் நல்ல பல்பு, கரண்டும் வருகிறது, இரண்டையும் சேர்த்தால் மட்டும் இருட்டு. என்ன எழவு இது? எனக்கு முன்னால் நான்கு வண்டிதான் பாக்கி.

"நிதானமா பாரும்வே."

"நீரு சும்மா கெடயும்" என்று இஸ்மாயில் மேல் எரிந்து விழுந்தேன்.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறக்கவே இல்லை. "அடுத்த மாசம் கொண்டு வா" என்றார். எவ்வளவோ கெஞ்சினேன். மிச்ச வண்டிகளைப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு இஸ்மாயிலைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, ஆத்திரத்தில் அந்த விளக்கை ஸ்குரூடிரைவரால் நெம்பினேன். அடியில் பெயிண்ட் உரிந்து தகரம் தெரிந்தது. விளக்கு எரிந்தது.

விளக்கின் தகரம் வண்டித் தகரத்தைத் தொட்டால்தான் கரண்ட் திரும்பிப் போக எர்த் கிடைக்கும். நான் பூசிய பெயிண்ட் நடுவில் நின்று மறித்திருக்கிறது. மாட்டியிருந்ததே தவிர, ஓடும் புளியம்பழமுமாக ஒட்டாமல் இருந்திருக்கிறது. பாவி, நானேதான் கெடுத்தேன்.

வண்டியை முதலாளி வீட்டுக்கு விரட்டினேன். செங்கோட்டைக்காரர் தன் டிரைவரோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

"மொதலாளி, இப்ப எரியுது. என் தப்புதான். ஒரு மாசம் பொறுங்க."

"சீசன் போன பிறவு டாக்சிய வச்சு நான் என்ன செய்யட்டும்? வாக்குக் குடுத்தாச்சு. சாவியக் குடு."

கொடுத்தேன். வண்டி தெருவில் இறங்கிப் போயிற்று. முக்கில் மாட்டுவண்டி ஒன்று குறுக்கே வர, புது டிரைவர் பிரேக் பிடித்தான். சாரலில் அந்தச் சிவப்பு விளக்கு ஒரு குறையுமில்லாமல் எரிந்தது. அவன் காலை எடுத்ததும் அணைந்தது. உலகம்மாளிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் அங்கேயே நின்றேன்.