காப்புக் கட்டின சனிக்கிழமை

பார்க்கில மியூசிக் ஃபெஸ்டிவல் எண்டு கேள்விப்பட்டவுடன நான் செய்த முதல் வேலை தலை முழுகினதுதான். சிரிக்கிறவை சிரியுங்கோ. ஃபெஸ்டிவல் எண்டால் திருவிழா. ஜேர்மனியில இருக்கேக்கயும் அப்பிடித்தான் படிச்சனான், லண்டனுக்கு வந்தும் அப்பிடித்தான் கேள்விப்படுறன். பிறகு மீன், இறைச்சி எண்டு மச்சம் சாப்பிட்டிட்டோ போறது? புளிச்சாதம் கிண்டிப் பொதி கட்டினன். அரக்குக் கரை போட்ட சேலை உடுத்தன். என்ர மனுசன் யோகராஜா படியில நிண்டு மேலும் கீழும் பாத்திட்டு, "என்ன தவம், தேர் இழுக்கவோ வெளிக்கிட்டனீர்?" எண்டார்.

அவர் வெளிக்கிட்டதே பெரிய காரியம்.

அந்த வருசம், ரெண்டாயிரத்து ஒன்பது, ஏப்ரலில லண்டன் தமிழ்ச் சனம் முழுக்க, ஊரில சண்டையை நிப்பாட்டச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால நிண்டது உங்களுக்குத் தெரியும். நாங்களும் நிண்டம். எங்கட ஒரே மகள் சயந்தினியும் எங்களோட நிண்டு தொண்டை கிழியக் கத்தினாள். ஒரு நாள் காலமை, "அப்பா, இண்டைக்கு பாண்ட் பிராக்டிஸ் இருக்கு, நான் போகோணும்" எண்டாள். அவள் டிரம்ஸ் அடிக்கிறவள். இவருக்குப் பத்திக்கொண்டு வந்திட்டுது. "அங்க சனம் செத்துக்கொண்டிருக்கு, உனக்கு மேளம் கேக்குதோ? போ! இனி என்ர வாசலை மிதியாத!" எண்டிட்டார். அவளும் அந்த அப்பரின்ர பிள்ளைதானே, போயிட்டாள். சிநேகிதி கிரிஜா வீட்டில போய் இருந்தாள். மே மாசம் எல்லாம் முடிஞ்சு, ஆளையாள் கட்டிப்பிடிச்சு அழுத நேரம் அவள் எங்களோட இல்லை. எனக்கு அதுதான் பெரிய கொதி. தகப்பனையும் மகளையும் கதைக்க வைக்காட்டி எனக்கு இனி வீடெண்டு ஒண்டு இல்லை எண்டு நினைச்சுத்தான் சோத்துப் பொதியைத் தூக்கினன். பார்க்கில தன்ர பாண்ட் வாசிக்குது, ரெண்டு பேரும் வாங்கோ எண்டு அவள்தான் எனக்குப் போன் போட்டுச் சொன்னவள்.

"என்னத்துக்காக எங்களை விட்டிட்டுப் போனவள் எண்டு ஒருக்காப் பாத்திட்டு வருவம், அவ்வளவுதான்" எண்டு சொல்லித்தான் இவரைச் சம்மதிக்க வைச்சது. "அவள் அடிச்சு முடிச்ச உடன வெளிக்கிட்டிடுவன்" எண்டார்.

நோர்பரியில இருந்து பஸ் எடுத்து இறங்கினால் பார்க் வாசலில சயந்தினி நிக்கிறாள். மெலிஞ்சு போனாள். கையில ரெண்டு துணிப் பட்டி. விருந்தாளிகளுக்கு மேடைக்குக் கிட்ட இடமாம், அதுக்கு மணிக்கட்டில இதைக் கட்டோணுமாம். ஒரு குட்டிப் பூட்டு இருக்கு, இழுத்தால் இறுகும். பிறகு கழட்டேலாது, வெட்டத்தான் வேணும். எனக்கு இடக்கையில கட்டினாள். இவர் எங்கயோ பாத்துக்கொண்டு தன்ர இடக்கையை நீட்டினார். அவள் அதை மெதுவாத் தள்ளிவிட்டிட்டு வலக்கையைப் பிடிச்சு இழுத்துக் கட்டினாள்.

"காப்புக் கட்டியாச்சு! கொடி எப்ப ஏறுது?" எண்டு நான் பகிடி விட்டன். ஒருத்தரும் சிரிக்கேல்லை. அவள் வாத்தியம் இறக்கோணும் எண்டு ஓடிப்போயிட்டாள்.

உள்ளுக்குப் போனால், ஐயோ, நான் என்னத்தை எண்டு பாக்கிறது! முழங்கால் வரைக்கும் றப்பர் சப்பாத்துப் போட்ட சனம் ஈரப்புல்லில படுத்துக் கிடக்கு. தாடி வைச்ச ஒருத்தன் கலியாணக் கவுண் போட்டுக்கொண்டு திரியிறான். கைக்குழந்தையின்ர காதில பெரிய ஹெட்போன். "ஏன் பிள்ளைக்கு இது?" எண்டு தாயிட்டக் கேட்டன். சத்தம் கேளாமல் இருக்கவாம். அப்ப ஏன் கூட்டிக்கொண்டு வந்தனீர் எண்டு கேக்க வாய் வந்திட்டுது, அடக்கிக்கொண்டன். பச்சைத் தலைமயிர்ப் பெட்டை ஒண்டு என்ர சேலையைத் தொட்டுப் பாத்துது. நான் அதின்ர தலைமயிரைத் தொட்டுப் பாத்தன். பிறகு அது என்ர புளிச்சாதத்தில பாதியைத் திண்டு முடிச்சுது.

மேடைக்கு மேல ஒரு பியர்க் கொம்பனியின்ர பேர் ஆளுயரத்துக்கு எழுதியிருந்தது. "இண்டைக்கு இவையின்ர உபயம் போல" எண்டன். இவருக்குக் கடைவாயில சிரிப்பு வந்தது, நான் கண்டனான்.

அதோட, இவர் எலெக்ட்ரீசியன். ஜெனரேட்டர் இரைச்சல் கேட்டவுடன ஆளைக் காணேல்லை. தேடிப் போனால், வேலியில சாய்ஞ்சுகொண்டு ஒரு வெள்ளைக்காரத் தொழிலாளியோட கதை. இத்தனை கேபிளையும் புல்லில எப்பிடி விடுறியள், மழை பெய்தால் என்ன செய்வியள், எர்த் எங்க குடுத்தனியள் எண்டு கேள்விக்கு மேல கேள்வி. அவனும் மூடியைத் திறந்து காட்டுறான். ரெண்டும் குனிஞ்சு நிண்டு பாக்கிற வடிவைப் பாக்கோணும்.

நல்லாத்தான் போச்சுது. மழை வந்து கெடுத்தது. மேடை முழுக்கப் பொலித்தீன் விரிச்சினம். எல்லாம் பிந்துமாம் எண்டு மைக்கில அறிவிச்சினம். எவ்வளவு பிந்தும் எண்டு சொல்லேல்லை. ஜேர்மனியில பழகின மனுசன், நேரம் எண்டால் நேரம். முகம் கறுத்துப்போச்சு. அந்த நேரம் பாத்துப் போன் அடிக்குது. ரெய்னர்ஸ் லேனில கடை வைச்சிருக்கிற சண்முகராசா அண்ணை. கடையில ஃப்ரீசர் எல்லாம் நிண்டுபோச்சாம், உடன வரட்டாம்.

"வாரும், போவம்" எண்டு எழும்பினார்.

மேடையில ஏறினால் அவளின்ர கண் முதல் எங்கட இடத்தைத்தான் தேடும். வெறுமையாக் கண்டாளெண்டால் பிறகு ஜென்மத்துக்கும் கூப்பிடமாட்டாள். இவர் விறுவிறெண்டு நடக்கிறார். நான் சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு சேத்துக்குள்ளால பின்னால ஓடுறன். வாசல்காரன் கத்தரிக்கோலை எடுத்தான். வெளியால போறதெண்டால் பட்டியை வெட்டோணும், திரும்ப உள்ள வரேலாது எண்டான்.

இவர் கையை நீட்டினார்.

"திருவிழா முடியேல்லை, காப்பை வெட்டப் போறியளோ?" எண்டன்.

"விசர்க் கதை கதையாதையும். இது துணித்துண்டு."

"போன வருசம் கோயிலில காப்புக் கட்டினதுக்கு, கோயில் எல்லை தாண்டமாட்டன் எண்டு வந்த வேலையெல்லாம் விட்ட ஆள்தானே நீங்கள்?"

"அது குருக்கள் கட்டினது."

"இது ஆர் கட்டினது?"

இவர் கையைப் பாத்தார். கத்தரிக்கோல்காரன் எங்கட தமிழைக் கேட்டுக்கொண்டு பாவம் போல நிண்டான். இவர் கையை இழுத்துச் சட்டைக்குள்ள விட்டிட்டு, மற்றக் கையால போன் எடுத்தார்.

"அண்ணை, இப்ப வரேலாது. காப்புக் கட்டியிருக்கிறன்."

சண்முகராசா அண்ணை போனில கதைச்சால் பக்கத்து ஊருக்கும் கேக்கும். "அப்பிடியோ! எந்தக் கோயில்?"

"இஞ்ச ஒரு பார்க்கில."

"பார்க்கிலயோ? புதுசோ? என்ன சுவாமி?"

இவர் மேடைப் பக்கம் திரும்பிப் பாத்தார். "இனித்தான் பாக்கோணும், அண்ணை" எண்டார்.

மழை விட்ட பிறகு சயந்தினி மேடையில வந்து டிரம்ஸுக்குப் பின்னால குந்தினாள். கண்ணால எங்களைத் தேடினாள், கண்டாள், தடியைத் தூக்கினாள். அம்மாடி! அந்த அடி என்ர நெஞ்சுக்குள்ள வந்து விழுந்தது. பாட்டு என்னெண்டு எனக்கு விளங்கேல்லை. ஆனால் அவளின்ர முகத்தை எனக்குத் தெரியும். பல்லைக் கடிச்சுக்கொண்டு, நெத்தி நரம்பு புடைக்க, கண் சிவக்க. ஏப்ரலில பாராளுமன்றத்துக்கு முன்னால கத்தேக்க இருந்த அதே முகம். ஊர்த் துக்கம் ஒண்டும் இவளை விட்டுப்போகேல்லை எண்டு எனக்கு அப்பத்தான் விளங்கிச்சு. அழுதன். பச்சைத் தலைமயிர்ப் பெட்டை என்னைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு துள்ளிச்சு.

இவர் கையைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி நிண்டார். முடிஞ்சு சனம் கத்தேக்க, அவள் எழும்பி எங்களைப் பாத்தாள். இவர் திரும்பி நடந்திட்டார்.

வாசலில அந்தக் கத்தரிக்கோல்காரன் இல்லை, பட்டியோடயே பஸ் ஏறினம். பஸ்ஸில வாயில வந்ததெல்லாம் சொல்லிப் பேசினன். கல்லு மனுசன் எண்டன். வீட்டுக்கு வந்து கத்தரிக்கோலை எடுத்து என்ர பட்டியை வெட்டி எறிஞ்சன். கோபத்தோட இவரின்ர கையையும் பிடிச்சன். வெடுக்கெண்டு இழுத்துக்கொண்டார்.

"தொடாதையும். கட்டின ஆள்தான் அவிழ்க்கோணும்."

நான் கத்தரிக்கோலை மேசையில வைச்சன்.

"நான் இடக்கையைத்தானே குடுத்தனான்" எண்டார், என்னைப் பாக்காமல். "ஆம்பிளைக்கு வலக்கை எண்டு தேடி எடுத்துக் கட்டினவள். பாத்தனீரோ?"

திங்கட்கிழமையும் அந்தப் பட்டியோடதான் வேலைக்குப் போனார். குளிக்கேக்க பொலித்தீன் சுத்தினார். நான் மகளுக்குப் போன் போட்டு, "உன்ர அப்பா காப்போட நிக்கிறார், வந்து அவிழ்த்துவிடு" எண்டன். "உண்மையாவோ அம்மா?" எண்டு கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் வந்தாள். கதவைத் திறந்தால், மிதியடிக்கு அங்கால நிக்கிறாள். மிதியாத எண்டு சொன்ன வாசலை மிதிக்கேல்லை. கையில நகம் வெட்டுற சின்னக் கத்தரிக்கோல். இவர் உள்ளுக்கிருந்து வந்து வலக்கையை நீட்டினார். அவள் வெளியில நிண்டபடியே எட்டி அந்தக் கையைப் பிடிச்சாள்.

இவர் கையை விடுவிக்கேல்லை, உள்ளுக்கு இழுத்தார். "வாசலில வைச்சு ஆரும் காப்பு அவிழ்க்கிறவையோ? உள்ளுக்கு வா பிள்ளை" எண்டார்.

அவள் குனிஞ்சு சப்பாத்தைக் கழட்டத் தொடங்கினாள்.